நடக்க முடிந்தால் முறிவு இல்லையா?

கணுக்கால் பிரண்டவர்களுக்கு, "நடக்க முடிந்தால் எலும்பு முறியவில்லை, எண்ணெய் போட்டு உருவினால் போதும்" என்று ஒரு நண்பர் எழுதியிருப்பது ஆபத்தான ஆலோசனை. வேலூர்க் கோட்டை மைதானத்தில் கபடி ஆடும் பிள்ளைகள் இதைப் படித்து நம்பிவிடக் கூடாது.

முறிந்த காலோடும் சிலர் நடப்பார்கள். கணுக்கால் காயத்துக்கு எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய 1992இல் கனடாவில் உருவான ஒட்டாவா விதிகள், நான்கு அடி எடுத்து வைத்து நடக்க முடிகிறதா என்று பார்ப்பதோடு நிற்பதில்லை. கணுக்காலின் இருபுற எலும்பு மேடுகளிலும், நுனியிலிருந்து 6 செ.மீ. வரை பின்விளிம்பை அழுத்திப் பார்க்க வேண்டும். பாதத்தின் வெளிப்புறம், சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் இடத்தையும், உட்புறம் வளைவுக்கு மேலுள்ள எலும்பையும் விடக் கூடாது. இவற்றில் எங்கே வலித்தாலும் எக்ஸ்ரே அவசியம். புதுக் காயத்தை அழுத்தி உருவினால் வீக்கம் கூடும். முறிவு இருந்தால் எலும்பு விலகவும் கூடும்.

வெறும் சுளுக்குதான் என்றாலும், பாதம் உள்நோக்கி மடங்கும்போது பெரும்பாலும் கிழிவது வெளிப்பக்கத் தசைநார். மூட்டின் நிலையை மூளைக்கு உணர்த்துவதில் அதற்கும் பங்குண்டு. வலி போனதும் அந்த உணர்வு தானாகத் திரும்பிவிடாது. அதனால்தான் அதே கால் மீண்டும் மீண்டும் பிரள்கிறது. ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, ரப்பர் பட்டையை எதிர்த்துப் பாதத்தை வெளிப்புறம் தள்ளுவது என்று வாரக்கணக்கில் பழகுங்கள். ஒற்றைக் காலில் வலியின்றித் தாவி இறங்க முடியாதவரை களத்தில் இறங்காதீர்கள்.