கூரையில் அடி என்கிறீர்களே, எந்தக் கூரையில்?

கேமரா தலையில் மாட்டுகிற ஃபிளாஷ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் யாரிடம் சந்தேகம் கேட்டாலும் வந்த பதில் ஒன்றுதான். "நேரா மூஞ்சில அடிக்காதே தம்பி. தலையைத் தூக்கி சீலிங்ல பவுன்ஸ் பண்ணு. வெளிச்சம் மெத்துன்னு இறங்கும்." விற்ற கடைக்காரர் சொன்னார். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் தெரிந்த அண்ணன் ஒருவர் சொன்னார். காசு வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தியவரும் அதையேதான் சொன்னார். சரி. அந்த சீலிங் வெள்ளையாக இருந்தால்தான் இது நடக்கும் என்று சொல்ல மூவரில் ஒருவருக்காவது வாய் வந்ததா?

அக்காவின் வளைகாப்பை அத்தான் வீட்டு ஹாலில் வைத்தார்கள். அந்த ஹால் கிளிப்பச்சை. சுவர் மட்டுமல்ல, கூரையும். பெயின்ட் மிஞ்சிவிட்டது, வீணாக்குவானேன் என்று அத்தானின் அப்பா மேலேயும் அடிக்கச் சொல்லிவிட்டாராம். நான் என்ன கண்டேன்? சொல்லிக் கொடுத்தபடியே ஃபிளாஷை அண்ணாந்து வைத்து, ஒரு படம் விடாமல் கூரையில் அடித்தேன். மேலே போன வெளிச்சம் பச்சையை அள்ளிக்கொண்டு இறங்கியது. அக்கா கன்னத்துச் சந்தனம் பாசி பிடித்த மாதிரி இருக்கிறது. வளையல் அடுக்க வந்த அத்தைகளும் சித்திகளும் வரிசையாகப் பச்சை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பச்சையைக் குறைத்தால், ஜன்னல் வெளிச்சம் பட்ட பாதி முகம் ரோஸ் ஆகிறது. ரோஸைக் குறைத்தால் மறுபாதியில் மறுபடி பாசி. மூன்று ராத்திரி மல்லுக்கட்டிவிட்டு, பாதிப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி, "ஆர்ட்டா இருக்கும்" என்று அனுப்பி வைத்தேன். அக்காவின் மாமியார் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கோபம் நியாயம்தான். கலர் கலராக அடுக்கிய கண்ணாடி வளையலை யாராவது கறுப்பு வெள்ளையில் பார்ப்பார்களா?

இந்த அறிவுரை சொல்பவர்கள் நம் வீடுகளுக்குள் போனதே இல்லையா? ரோஸ் ஹால், வயலட் படுக்கையறை, பூஜை அறைக்கு ஆரஞ்சு. தப்பித் தவறி கூரை வெள்ளையாக இருந்தால் நட்டநடுவில் ஃபேன் சுற்றும். மண்டபம் இன்னும் மோசம். கூரை 20 அடி உயரம். வெளிச்சம் மேலே போய்க் கீழே வர 30 அடிக்குக் குறையாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. 10 அடியில் நேராக அடித்தால் கிடைப்பதில் ஒன்பதில் ஒன்று, அதிலும் கூரை பெயின்ட் தின்றது போக மிச்சம். இது பள்ளிக்கூட இயற்பியல். எனக்கு அப்போது தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். சொல்லிக் கொடுக்கத்தானே காசு வாங்கினார்கள்?

சித்தப்பா மகன் கல்யாணத்தில் அந்த மிச்சத்தைத் துரத்திக்கொண்டு ஃபிளாஷை முழு பலத்தில் வைத்தேன். உள்ளே இருந்தது கடிகாரத்துக்குப் போடுகிற நாலு செல். அவசரத்துக்குப் பெட்டிக்கடையில் வாங்கியது. கெட்டிமேளம் கொட்டியது, முதல் முடிச்சுக்கு ஃபிளாஷ் அடித்தது, அப்புறம் அடுத்ததற்குத் தயார் என்று ஃபிளாஷில் எரிகிற சிவப்பு விளக்கு வரவே இல்லை. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டு முடித்து, அட்சதை எல்லாம் என் தலையில் விழுந்த பிறகு நிதானமாக எரிந்தது. சார்ஜ் செய்கிற நிக்கல் செல்தான் இதற்கு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

வரவேற்பில் வேறு கூத்து. ஃபிளாஷைத் தனியாக ஸ்டாண்டில் நிறுத்தி, தூரத்திலிருந்தே அதை மின்ன வைக்கிற மலிவு ட்ரிக்கர் ஒன்றைக் கேமரா தலையில் மாட்டினேன். அதற்கு நடு முள் ஒன்றுதான். மேலே ஃபிளாஷ் சமாசாரம் உட்கார்ந்திருப்பதே கேமராவுக்குத் தெரியாது. ஷட்டர் 1/320 நொடியில் நின்றதை நானும் பார்க்கவில்லை. ஃபிளாஷோடு எடுக்க என் கேமராவின் எல்லை 1/200. அதைத் தாண்டினால் ஃபிளாஷ் மின்னும்போதே ஷட்டரை மூடுகிற இரண்டாவது திரை இறங்க ஆரம்பித்திருக்கும். அத்தனை படத்திலும் அடியில் கறுப்புப் பட்டை. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மாலைக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"போன்லயே நல்லா வருதேடா, எதுக்கு உனக்கு இந்த வேண்டாத வேலை?" பெரியப்பா கேட்டார். நாலைந்து படத்தை எடுத்து அதுவே ஒட்டிக்கொள்கிற போன் அது. எட்டாயிரம் ரூபாய் ஃபிளாஷைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு என்ன பதில் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வெள்ளைக் கூரை, சாம்பல் நிறப் பின்திரை, மாவு பூசிய மாதிரி ஒரு மாடல். "ஐஎஸ்ஓ 400, எஃப் 4, பவர் கால் பங்கு, கண்ணை மூடிட்டு எடுங்க." எடுத்தோம், எல்லோருக்கும் நன்றாக வந்தது, கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம். எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல கறுப்பு. மண்டபத்து வேக்காட்டில் வேர்வையும் எண்ணெயும் வழிகிற நெற்றியில் இந்தச் சின்ன ஃபிளாஷ் பட்டால் கண்ணாடியில் பட்ட மாதிரி வெள்ளைத் திட்டு விழுகிறது. வகுப்பு எடுத்தவருக்குப் போன் செய்து கேட்டேன். "பவரை ஏத்துங்க, எடிட்ல ரெண்டு ஷேடு வெளுத்துக்கலாம்" என்றார். என் அம்மாவை நான் எதற்கு வெளுக்க வேண்டும்? பவரை ஏற்றினால் திட்டு இன்னும்தானே பெருக்கும்? அங்கே குறை நிறத்தில் இல்லை, விளக்கின் அளவில். தீப்பெட்டி அகல வெளிச்சத்தைக் கதவு அகலத்துக்கு விரித்துப் பக்கவாட்டிலிருந்து விட்டால், அந்தத் திட்டே பளபளப்பாக மாறிக் கன்ன மேட்டில் படிகிறது. இதை எனக்குச் சொன்னது வகுப்பு அல்ல, துணிக்கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டி. அதன் பின்னால் ஃபிளாஷை வைத்து அம்மாவை எடுத்தேன். "இது நானா?" என்று கேட்டு இரண்டு தரம் பார்த்தாள்.

எல்லோரும் விடையை மட்டும் சொல்கிறார்கள், கணக்கைச் சொல்வதில்லை. காரணம் கேட்டால் "அனுபவத்துல வரும்". அந்த அனுபவம் எனக்கு அப்பா புண்ணியத்தில் வந்தது. சாயங்காலம் அவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் சாமி படத்துக்குச் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. ஷட்டர் 1/200-இல் எடுத்தேன். அப்பா முகம் தெளிவாக இருந்தது, பின்னால் கும்மிருட்டு. 1/15-க்கு இறக்கினேன். முகம் அதே மாதிரி, ஆனால் பின்னால் முருகன் சிவப்பாக எழுந்து நிற்கிறார். ஒரே படத்துக்குள் இரண்டு வெளிச்சம். ஃபிளாஷ் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அறை வெளிச்சம்தான் ஷட்டருக்கு அடங்கும். லென்ஸ் துளையின் அகலமான அப்பர்ச்சரும் (அந்த எஃப் 4), விழுந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்கிற ஐஎஸ்ஓவும் இரண்டையும் ஆட்டும். அவ்வளவுதானய்யா! இதைச் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? எனக்கு ஆறு மாதம் ஆனது. "இன்னும் எத்தனை தடவைடா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா அன்று ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் விசேஷத்துக்குக் கிளம்பினால் பையில் ஒரு தெர்மாகோல் அட்டை போகிறது. வெள்ளைக் கூரை இல்லையா, நானே கொண்டு வருகிறேன். பிடிக்கத்தான் ஆள் வேண்டும். மாமா பையன் ஒரு ஐஸ்கிரீமுக்கு அரை மணி நேரம் பிடிப்பான், அதற்கு மேல் முதுகு சொறிய அட்டையைக் கொண்டு போய்விடுவான்.

அடுத்த மாதம் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. நேற்று மண்டபத்துக்குப் போன் போட்டு, கூரை என்ன நிறம் என்று கேட்டேன். மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, ஏசி இருக்கிறது, 300 பேர் உட்காரலாம், ஜெனரேட்டருக்குத் தனியாக என்று ஆரம்பித்தார். அதெல்லாம் சரிங்க, கூரை?

"ரோஸ் சார். போன வாரம்தான் அடிச்சோம். பளபளன்னு இருக்கும்."