பல்செட்டில் தொடங்கிய சரிவு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பேசியவர் என்ன சொன்னார், யார் யார் சிரித்தார்கள் என்று. "ஓசியில கொடுத்தே ஐரோப்பா நாசமாப் போச்சு, சமூக ஜனநாயகம் தானா செத்துப்போச்சு." கைதட்டல் வேறு.

ஐயா, வரி வாங்கி எல்லோருக்கும் மருத்துவமும் உதவித்தொகையும் தரும் அந்தச் சமூக ஜனநாயகம் தானாகச் சாகவில்லை. கட்டியவர்களே பிரித்துப் போட்டார்கள்.

1948 ஜூலையில், ரேஷன் கூட முடியாத, கடனில் மூழ்கிய பிரிட்டனில், தேசிய மருத்துவச் சேவையைத் தொடங்கியது அங்கத்திய சமூக ஜனநாயகக் கட்சியான லேபர் கட்சி. 1951இல் கொரியப் போர்க்கால ஆயுதச் செலவுக்காகப் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் கொண்டுவந்ததும் அதே லேபர்தான். அந்தச் சேவையை உருவாக்கிய அனைரின் பெவன், போங்கடா என்று அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். 1976இல் கடனுக்காக ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) வாசலில் நின்று செலவை வெட்டியதும் லேபர். வலதுசாரிப் பிரதமர் தாட்சர் வந்ததே 1979இல்தான்! பிரான்சில் 1981இல் ஊரே கொண்டாட வென்ற சோஷலிஸ்ட் அதிபர் மித்தரான் 1983இல் சிக்கனத்துக்குத் திரும்பினார். ஜெர்மனியில் வேலையில்லாதோர் உதவியில் கைவைத்த பிரதமர் ஷ்ரோடர் எந்தக் கட்சி? சமூக ஜனநாயகக் கட்சிதான். ஸ்வீடனில் 2004இல் வாரிசுரிமை வரியை ஒழித்தது வலதுசாரிகளா? சமூக ஜனநாயகக் கட்சி அரசு, சார். கட்டியவர்களே.

எழுபதுகளில் எண்ணெய் விலை எகிறியது, பணவீக்கம் கழுத்தை நெரித்தது என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பாரத்தை யார் தலையில் இறக்கினார்கள் என்றுதான் கேட்கிறேன். "ஸ்வீடனுக்கென்ன, எண்ணெய்ப் பணம்" என்றார் இன்னொரு அறிஞர். எண்ணெய் இருப்பது நார்வேயில். அட்லஸ் ஒன்று வாங்கி அனுப்பவா?

ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்தது என்று என் மேலாளர் ஆறு மாதம் விடுப்பில் போனார். ஆம்பளை! "அப்போ வேலையை யார் பார்ப்பது?" என்று கேட்டேன். கேள்வியே புரியாதவர் மாதிரி பார்த்தார். அப்புறம் ஊர் திரும்பி, என் மகள் பிறந்தபோது எனக்குக் கிடைத்தது மூன்று நாள். மூன்றாம் நாளே ஆஸ்பத்திரி வராந்தாவில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். அவள் முதலில் கண் திறந்து பார்த்ததை மாமியார்தான் சொன்னார்.

இதைச் சொன்னால் "வெளிநாட்டுப் பெருமை" என்கிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் சிரித்தவர்களில் இரண்டு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள், அதுதான் ஆறவில்லை.

ராத்திரி ஒருவர் போன் செய்து, "நீங்க சொன்னதுதான் சார் சரி" என்றார். கூட்டத்தில் ஏன் வாய் திறக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.