காடு எதிரொலிக்கவில்லையாம்

எதிரொலி வரவில்லையாம். புகார் காட்டின் மேல். வந்து சொன்னது என்னிடம். நான் என்ன, காட்டுக்கு வரவேற்பறை வைத்து அதில் உட்கார்ந்திருந்தேனா?

கோத்தகிரி லாங்வுட் சோலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. முறையாக அனுமதி வாங்கி, வழி தெரிந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, ஒரு சதுப்பின் ஓரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே பாசி மூடிய கட்டை. அதன் மேல் ஒரு நீலகிரி நீல ராபின். முதுகில் கருநீலம், விலாவில் செம்பழுப்பு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. இந்த மலைப் பகுதியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இருட்டும் ஈரமும் பார்த்துத்தான் வெளியே வரும். ஆள் அரவம் கேட்டால் அதுவும் இல்லை.

ஒன்பது நிமிடம் நின்றேன். மூக்கு நுனி அரித்தது, சொறியவில்லை. தும்மல் வந்தது, விழுங்கினேன். அது ஒரு தத்து தத்தி என் பக்கம் வந்து, தலையைச் சாய்த்து, ‘இவன் மரமா, மனிதனா?’ என்று யோசிக்கத் தொடங்கியது. மரம் என்றே முடிவு செய்திருக்கும். இன்னும் அரை நிமிடம் போதும்.

‘ஓஓஓஓஓய்!’

யாரோ சேற்றில் விழுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பதறினேன். பறவை எப்போதோ போய்விட்டது. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடியும் ‘ஓஓஓஓஓய்!’ இந்த முறை அடிவயிற்றிலிருந்து. புதருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால், ஒரு குடும்பத் தலைவர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து நிற்கிறார். பின்னால் மனைவி, மகன், மைத்துனர், மைத்துனரின் தோளில் தொங்கும் ஒலிபெருக்கி. கத்திவிட்டு என்ன செய்தார் தெரியுமா? உதட்டில் விரலை வைத்து, ‘உஷ்! யாரும் சத்தம் போடாதீர்கள், எதிரொலி வரும்’ என்றார்.

சத்தம் போடக் கூடாதாம்! அந்த வாயிலிருந்து!

அந்தக் காலையில் அவர்கள் பேசாமல் இருந்தது அந்த நான்கு நொடிகள்தான். அதுவும் தன் குரலையே தான் கேட்டு ரசிப்பதற்காக. அதற்குள் என் காலடியில் ஒரு சுள்ளி முறிந்தது. அவர் என்னைத் திரும்பி முறைத்தார். நான் இடைஞ்சலாம். மூன்றாவது முறை கத்தினார். நான்காவதாக மகனைக் கத்தச் சொன்னார். ஐந்தாவதாகக் குடும்பமே சேர்ந்து. காடு வாயே திறக்கவில்லை. ஒரு காட்டெருமையாவது வந்து பதில் சொல்லியிருக்கலாம். அதற்கும் மனம் வரவில்லை. அதன் பிறகுதான் என்னிடம் வந்தார்: ‘சார், இங்கே எதிரொலியே வரவில்லையே? அந்தப் பாயிண்ட் எங்கே இருக்கிறது?’

பாயிண்ட். மலை ஏறிவிட்டால் எல்லாருக்கும் ஒரு பாயிண்ட் வேண்டும். கம்பி வேலி, சுண்டல் வண்டி, நின்று படம் எடுக்க ஒரு மேடை. அதற்குத்தான் கோடநாடு காட்சி முனை இருக்கிறதே, ஐயா! அங்கே போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துங்கள். பாறைச் சுவர் இருந்தால் குரல் திரும்பி வரும். இங்கே இருப்பது இலை, பாசி, மட்கிய மண். ஊரே கத்தினாலும் விழுங்கிவிடும். மழையையும் இப்படித்தான் விழுங்குகிறது. ஆனால் அதை மட்டும் மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறது. அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் கீழே 18 கிராமங்கள் குடிக்கின்றன. மொத்தமே 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலையும், கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸும் சூழ்ந்து நிற்க, நடுவில் தப்பிக் கிடக்கும் துண்டு. இதை 2024இல், உலக அளவில் முக்கியமான சதுப்புகளுக்கும் நீர்நிலைகளுக்குமான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். எதிரொலிக்காகச் சேர்க்கவில்லை.

இதையெல்லாம் நான் வாய் திறந்து சொன்னேனா என்றால், இல்லை. ‘தெரியவில்லை, சார்’ என்றேன். என் கோபமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் பேசும்.

அத்தோடாவது போனார்களா? மைத்துனர் படம் எடுக்கிறேன் என்று புல் பச்சையாக இருந்த இடத்தில் காலை வைத்தார். பச்சையாக இருக்கிறதே, ஏன் இருக்கிறது என்று ஒரு கணம் யோசிக்க வேண்டாமா? கணுக்கால் வரை உள்ளே போனது. வெள்ளைக் காலணி. இழுத்தபோது ‘பொளக்’ என்று ஒரு சத்தம். சாட்சியாகச் சொல்கிறேன், அந்தக் காலையில் நான் கேட்டவற்றில் அதுதான் இனிமையான சத்தம். கறுப்புச் சேறு சொட்டச் சொட்ட நின்றுகொண்டு அவர் சொன்னார்: ‘இவ்வளவு பேர் வருகிற இடம், ஒரு சிமெண்ட் பாதை போட்டிருக்கக் கூடாதா?’

சதுப்புக்குச் சிமெண்ட்! தாகமாக இருக்கிறது என்று தண்ணீர்ப் பானையில் தார் ஊற்றுவார்களா? அவர் காலணியில் அப்பியிருக்கும் அந்த மாதிரி மண்ணைத்தான் நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகத் தோண்டி எடுத்து, 20,000 ஆண்டுகளாக இங்கே மழை எப்படி இருந்தது என்று படித்திருக்கிறார்கள். 1993இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. இவர் அதைக் கைக்குட்டையால் துடைத்து, கைக்குட்டையையும் அங்கேயே போட்டுவிட்டுப் போனார். ஏப்ரல் பிறந்ததும் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடும் ஊரிலிருந்துதான் இவரும் வந்திருப்பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், குழாயிலிருந்து என்பார்.

2024 மே முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும். வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ‘கத்தும் உத்தேசம் உண்டா?’ என்று ஒரே ஒரு கேள்வி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? உண்டு என்பவர்களுக்கு ஒரு கல்குவாரியின் முகவரியைக் கொடுத்து அனுப்பலாம்.

போகும்போது மகன் சொன்னான்: ‘அப்பா, இங்கே ஒன்றுமே இல்லை.’ அப்பா ஆமோதித்தார். ஒன்றுமே இல்லை. காட்டுப் பூவரசு இல்லை, மரத்துக்கு மரம் தொங்கும் ஆர்க்கிட் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 வகைப் பறவைகளில் 14 இந்தத் துண்டுக் காட்டுக்குள் இல்லவே இல்லை. ஒலிபெருக்கி மட்டும் இருந்தது. அது வாசல் வரை பாடிக்கொண்டே போனது.

நான் பெரியவரைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார், நாமும் சேர்ந்து திட்டலாம் என்று ஆசை. அவர் குனிந்து கைக்குட்டையை ஒரு குச்சியால் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ‘விடுங்கள் தம்பி, ஞாயிற்றுக்கிழமை’ என்றார். மேலே கிளையில் ஒரு நீலகிரிச் சிரிப்பான் கெக்கலி கொட்டியது. அதன் பெயரே அதுதான், அதன் குரலே அப்படித்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் பார்த்தா? எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. பெரியவர் உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்றார்.

சரி, ஒரு டீயாவது குடித்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று கடைவீதிக்கு வந்தால், அது தனிக் கொடுமை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தேயிலை. கிளாஸில் இருப்பதோ ஏலக்காய் மணக்கும் வெந்நீர். என்ன அண்ணா இது என்றால், நல்ல தூள் எல்லாம் வெளியூருக்குப் போய்விடுகிறதாம். வெளியூரில் கேட்டால், நல்ல டீ வேண்டுமானால் மலைக்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். நடுவழியில் யார்தான் அதைக் குடிக்கிறார்கள்?