கிரிம்பை இறுக்கு, கிரிம்பை இறுக்குன்னு சொல்றதை நிறுத்துங்கய்யா!

தோட்டா துப்பாக்கியில மாட்டிக்கிச்சுன்னு யார்கிட்ட சொன்னாலும், கிரிம்பை, அதாவது குண்டைச் சுத்தியிருக்கற பித்தளைக் கூட்டோட வாயை, இறுக்குங்கறாங்க. ரெண்டு வாரமா மனசுக்குள்ள கிடந்து கொதிக்குது. இன்னைக்குக் கொட்டித் தீர்த்துடறேன்.

டெக்சாஸ்ல வீட்டு கராஜ்ல உட்கார்ந்து 9 எம்எம் தோட்டா ரீலோடு பண்றவன் நான். சுட்ட பித்தளைக் கேஸை, அதாவது கூட்டை, பொறுக்கி, கழுவி, டைங்கற அச்சுல விட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் (பத்த வைக்கிற சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு வச்சு மூடறதுதான் வேலை. போன மாசம் மூணு ராத்திரி கண்ணு முழிச்சு 200 ரவுண்டு போட்டேன். 124 கிரெயின் எடை, பெயின்ட் பூசின ஈயக் குண்டு, தட்டை மூக்கு. ஒவ்வொண்ணையும் கேஸ் கேஜ்ல, அதாவது தோட்டாவைப் போட்டு அளவு பார்க்கற துளைக் கருவியில, போட்டுப் பார்த்தேன். இருநூறும் பாஸ்.

சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனா, அஞ்சாவது ரவுண்டுல ஸ்லைடு, அதாவது துப்பாக்கியோட மேல முன்னும் பின்னும் நகர்ற பாகம், முழுசா மூடாம கால் அங்குலம் முன்னாடியே நின்னுடுச்சு. முன்னாடியும் போகல, பின்னாடியும் வரல. பக்கத்து லேன்ல இருந்தவர் "உள்ளங்கையால பின்னாடி ஒரு தட்டு தட்டுங்க, போயிடும்"ங்கறார். தட்டுறதாமே! உயிருள்ள தோட்டா பாதி சேம்பர்ல, பேரலோட பின்பக்கம் தோட்டா உட்கார்ற குழியில, மாட்டிக்கிட்டு நிக்குது, அதை அடிச்சு உள்ள தள்ளச் சொல்றார். இந்த யோசனையை முதல்முதல்ல யார் கிளப்பிவிட்டாங்களோ!

துப்பாக்கியை இலக்குப் பக்கமே திருப்பி வச்சுக்கிட்டு, ரேஞ்ச் ஆளைக் கூப்பிட்டு, ஸ்லைடைப் பலமா பின்னாடி இழுத்தோம். கேஸ் மட்டும் வெளிய வந்துச்சு. குண்டு பேரல்லயே மாட்டிக்கிச்சு. மருந்து அத்தனையும் சாம்பல் நிறப் பொடியா மேகசின் குழிக்குள்ள கொட்டிடுச்சு. கவனிக்காம அடுத்த ரவுண்டை ஏத்திச் சுட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? அடைச்ச பேரல்ல சுட்டா பேரல் வெடிக்கலாம், விரல் போகலாம். பித்தளைக் கம்பியை முன்பக்கமா விட்டுத் தட்டித்தான் குண்டை எடுத்தோம்.

சரி, ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டேன். கேட்ட அத்தனை பேரும் ஒரே பாட்டு. கடைக்காரர்: "கிரிம்பை இறுக்குங்க." கூட வேலை பார்க்கிற தம்பி: "அண்ணா, கிரிம்ப் பத்தல போல." பத்து வருஷமா ரீலோடு பண்றவர்: "இன்னும் கால் திருகு இறக்குங்க." ஒருத்தர், ஒரே ஒருத்தராவது "என்ன குண்டு, யாரோட பேரல், எவ்வளவு நீளத்துல வச்சீங்க"ன்னு கேட்டாங்களா? இல்ல!

கணக்கு போட்டுப் பாருங்களேன். என் குண்டோட விட்டம் 0.356 அங்குலம். கேஸ் சுவர் ரெண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 0.022. கூட்டினா 0.378. கேஸ் வாய்க்கு அனுமதிச்ச உச்ச அளவு 0.380. குண்டு வைக்கறதுக்காக விரிச்ச வாயைத் திரும்ப நேராக்கினா போதும், 9 எம்எம்முக்கு கிரிம்போட வேலை அவ்வளவுதான். காலிப்பர் வச்சுப் பார்த்தா என் ரவுண்டுல வாய் அச்சா 0.378. இதுக்கு மேல எதை இறுக்கறது?

இருந்தும், இத்தனை பேர் சொல்றாங்களேன்னு பத்து ரவுண்டை இறுக்கிப் பார்த்தேன். அப்பவும் மாட்டுச்சு. ஒண்ணைக் கழட்டிப் பார்த்தா, குண்டைச் சுத்தி மோதிரம் மாதிரி ஒரு வெட்டு, பூச்சு கிழிஞ்சு ஈயம் பளபளன்னு தெரியுது. இன்னொரு ஆபத்தும் இருக்கு. அதிகமா இறுக்கினா பித்தளை கொஞ்சம் திரும்ப விரியும், ஈயம் விரியாது. பிடி தளர்ந்துடும். மேகசின்லேர்ந்து ஏறும்போது குண்டு உள்ள தள்ளிக்கும். இந்தச் சின்ன கேஸ்ல துளி உள்ள போனாலும் அழுத்தம் எகிறும். போதாக்குறைக்கு, 9 எம்எம் சேம்பர்ல நிக்கிறதே கேஸ் வாயோட விளிம்புலதான். அந்த விளிம்பையே நசுக்கச் சொல்றீங்களே!

கடைசியா நானே உட்கார்ந்து பார்த்தேன். பேரலைக் கழட்டி, ஒரு ரவுண்டு முழுக்கக் கருப்பு மார்க்கர் பூசி, சேம்பர்ல போட்டு, விரலால ஒரு சுத்து சுத்தி எடுத்தேன். நல்ல ரவுண்டுன்னா 'டங்'குன்னு விழணும், தடையில்லாம சுத்தணும், கவுத்தா தானா கீழ விழணும். என்னோடது தொப்புன்னு பாதியில உட்கார்ந்துச்சு. வெளிய எடுத்தா கேஸ்ல ஒரு கீறல் இல்ல. வாய்க்குக் கொஞ்சம் மேல, குண்டோட தோள்ல மட்டும் மை சுரண்டி, சின்னச் சின்னதா வெள்ளிக் கோடு. ரைஃப்ளிங் வரி, அதாவது குண்டைச் சுழல வைக்க பேரலுக்குள்ள வெட்டியிருக்கற முறுக்கு வரி, இடிச்ச தடம்! தட்டை மூக்குக் குண்டுக்குத் தோள் அகலம். உருண்டை மூக்குக்குப் போடற நீளத்துல இதை வச்சா தோள் போய் வரியில முட்டும். கோளாறு நீளத்துல. கிரிம்புக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

அஞ்சு நிமிஷ வேலை இது. மை வாய்கிட்ட சுரண்டியிருந்தா, அப்ப கிரிம்பைப் பாருங்க. கேஸோட ஒரு பக்கம் மட்டும் சுரண்டியிருந்தா குண்டு சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கு. அடிப்பக்கம் சுரண்டியிருந்தா சைஸிங் டை முழுசா இறங்கல. ரவுண்டே சொல்லிடுமே, அதைக் கேட்காம ஏன் ஆருடம் சொல்றீங்க?

கேஸ் கேஜ் விக்கிறவங்க மேலயும் எனக்குக் கோபம் உண்டு. அதுல ரைஃப்ளிங்கே கிடையாது. கேஸ் தடிப்பா இருக்கான்னு பார்க்கும், குண்டு வரியில இடிக்குதான்னு பார்க்கவே பார்க்காது. இதை டப்பா மேல பெரிய எழுத்துல போட்டா என்ன குறைஞ்சு போயிடும்? ரீலோடு புத்தகத்துல போட்டிருக்கற தோட்டா நீளமும் அப்படித்தான். அது அவங்க குண்டுக்கு, அவங்க சோதனை பேரலுக்கு. தரநிர்ணயத்துல இருக்கற 1.169 அங்குலம் உச்ச வரம்பு, அதைத் தாண்டக் கூடாதுன்னு அர்த்தம். உங்க பேரல் அதை ஏத்துக்கும்னு யாரும் வாக்கு கொடுக்கல. மருந்து இல்லாம, பிரைமர் இல்லாம ஒரு டம்மி ரவுண்டு செஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, 'டங்' சத்தம் வர்ற வரைக்கும் பார்த்து, அதுக்கும் கீழ கொஞ்சம் இடம் விட்டாத்தான் அது உங்க நீளம்.

"சரி, செஞ்ச இருநூறையும் அப்படியே கொஞ்சம் அமுக்கிடுங்களேன்"னு நேத்து ஒருத்தர் சொன்னார். ஐயா, குண்டு ஆழமாப் போனா உள்ள இடம் குறையும், அதே மருந்துக்கு அழுத்தம் கூடும். நீளத்தைக் குறைச்சா மருந்தைக் குறைஞ்ச அளவுலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கணும். என் கையும் கண்ணும் எனக்கு வேணும்.

அதனால சுத்தியல் புல்லரை, குண்டைக் கழட்டற சுத்தியல் மாதிரிக் கருவியை, எடுத்து ஒவ்வொண்ணா கான்கிரீட் மேல தட்டிக் கழட்டிக்கிட்டிருக்கேன். ஒரு ரவுண்டுக்கு நாலஞ்சு அடி. நேத்து நாற்பது கழட்டினேன். மணிக்கட்டு வீங்கிக் கிடக்கு. இன்னும் நூத்தைம்பதுக்கு மேல பெஞ்ச் மேல வரிசையா நிக்குது.