ஜனங்களுக்குப் பக்தி இல்லையாம்!

ஓட்டு எண்ணி, எங்கள் கட்சி தோற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆய்வுக் கூட்டம் என்று கல்யாண மண்டபத்து மாடிக்குக் கூப்பிட்டார்கள். காரைக்குடி வெயிலில் அந்த மாடியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். வெளியூரிலிருந்து வந்த பொறுப்பாளர் மைக்கைப் பிடித்ததும் சொன்ன முதல் வார்த்தையே "இந்த ஊர் ஜனங்களுக்குப் பக்தி இல்லை, ஆயிரம் ரூபாய்க்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள்" என்பதுதான். முன்வரிசையில் நாலு பேர் கை வேறு தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்தேன். "நேரமில்லை அண்ணே, எழுதிக் கொடுங்க, மேலே அனுப்புறோம்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். சரி, எழுதுகிறேன்.

யாருக்கு ஐயா பக்தி இல்லை? மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் பக்கம் ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறாரா அவர்? பால்குடம் எடுத்து வருகிறவர்களின் வரிசைக்கு முன்னால் எந்தக் கட்சியின் ஊர்வலமாவது நிற்குமா? தை மாதம் குன்றக்குடியில் கூடி, காவடியோடு பழநிக்கு நடக்கிறார்களே, கால் கொப்புளத்தோடு நடக்கிற அவர்களிடம் போய் உனக்குப் பக்தி இல்லை என்று சொல்வாரா? பிழைப்புக்காகச் சிங்கப்பூர், மலேசியா என்று போனவர்கள்கூட அங்கேயே பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்கிற ஊர் இது. இந்த மண்ணைப் பார்த்துப் பக்தி இல்லை என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும்.

நான் இந்தக் கட்சிக்கு வந்ததே சாமிக்காகத்தான். பதவிக்காக இல்லை, ஒப்பந்த வேலைக்காக இல்லை. கோயிலும் குளமும் பெரியவர்கள் வைத்துப்போன முறைப்படி இருக்க வேண்டும், நாளைக்குப் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேர வேண்டும், அதைக் கேட்க ஒரு குரல் வேண்டும் என்று நம்பி வந்தவன். இன்றைக்கும் அந்த நம்பிக்கையில் ஒரு நூல்கூடக் குறையவில்லை. அதனால்தான் வயிறு இப்படி எரிகிறது.

ஓட்டு எங்கே போனது என்று நான் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். மாதா மாதம் கார்த்திகைக்குக் குன்றக்குடி போய்விடுவார், மழையோ வெயிலோ தவறியதில்லை. முன்பெல்லாம் பஸ்ஸுக்கு மகனிடம் காசு கேட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும், மருமகள் முகத்தைப் பார்த்துக் கேட்காமலே வீட்டில் உட்கார்ந்த மாதங்களும் உண்டு. 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு, யாரிடமும் கேட்காமல் அவரே பூக்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பிரச்சாரத்தின்போது எங்கள் வேன் அந்தப் பஸ் நிறுத்தத்தைத் தாண்டியது. வேனில் இருந்த பேச்சாளர் "ஓசி பஸ்ஸுக்கும் ஓசிக் காசுக்கும் மானத்தை விற்காதீர்கள் தாய்மார்களே" என்று கத்தினார். ஆச்சி அங்கேதான் நின்றிருந்தார், கையில் தேங்காய் பழக் கூடை, நெற்றியில் திருநீறு. கொடியைப் பிடித்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போன என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமி கும்பிடப் போகிற ஒரு கிழவியை நடுரோட்டில் மானம் கெட்டவள் என்று மைக்கில் சொல்லிவிட்டு, அவளுக்குப் பக்தி இல்லை என்று இப்போது மாடியில் உட்கார்ந்து கூட்டம் போடுகிறார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகையாக மாதா மாதம் வரத் தொடங்கிய அந்த 1,000 ரூபாயில் முதல் செலவாகக் கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுக்கிற பெண்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்லிக் காட்டவா?

அப்புறம் அந்தப் பேச்சு. "கோயிலை விட்டு அரசே வெளியேறு" என்று ஊர் ஊராகப் பேசிய அதே பேச்சை, ஒரு வரி மாற்றாமல் இங்கேயும் வந்து பேசினார்கள். பேசுகிற இடம் எது என்றாவது யாரிடமாவது கேட்டிருக்க வேண்டாமா? பிள்ளையார்பட்டிக் கோயில், நகரத்தார் என்கிற செட்டியார் சமூகத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களையும் அந்தந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். குன்றக்குடிக்கு ஆதீனம் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்த கூட்டத்தின் முன்னால் நின்று வெளியேறு வெளியேறு என்றால், கேட்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் என்ன செய்வார்கள்? எனக்கும் அரசாங்கம் கோயிலுக்குள் இவ்வளவு தூரம் வருவதில் சம்மதம் இல்லை, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் இங்கே பேச வேண்டியது பெரிய கோயில்களைப் பற்றியே இல்லை. கிராமத்துக்குள் வருமானமே இல்லாமல், ஒரு வேளை விளக்குக்கும் வழியில்லாமல் கிடக்கிற சின்னக் கோயில்களைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

சொல்லவே வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு கால பூஜைக் கோயில்களுக்கான வைப்பு நிதியை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தியதும், அங்கே பூஜை செய்கிறவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்ததும் யாரை நாங்கள் "நாத்திகர்கள்" என்று திட்டித் தீர்த்தோமோ அவர்களின் ஆட்சிதான். பத்தாது, ரொம்பவே பத்தாது. ஆனால் பூஜை செய்கிற குருக்கள் வீட்டில் அடுப்பு எரிய அவர்கள் ஏதோ கொடுத்தார்கள், நாங்கள் கோஷம் கொடுத்தோம். அந்தக் குருக்கள் வீட்டு ஓட்டு யாருக்குப் போயிருக்கும்?

என் சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் பக்கத்துச் சின்னக் கோயிலின் ஊருணிக் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துவிட்டார்கள். 1959ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தில் 78ஆவது பிரிவு இருக்கிறது, புகார் கொடுத்து ஆக்கிரமிப்பை எடுக்கவைக்க அதில் வழி உண்டு. கட்சியில் வக்கீல்கள் இருக்கிறார்களே, ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்று மூன்று வருஷமாக நடந்தேன். "தேர்தல் முடியட்டும் அண்ணே." எந்தத் தேர்தல்? ஒன்று முடிந்தால் இன்னொன்று வருகிறது. கடைசியில் மனு எழுதிக் கொடுத்தவர் எதிர்க்கட்சிக்காரர், கடைத்தெருவில் எனக்குப் பழக்கமானவர், ஒரு டீகூட வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு அன்றைக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

தேர்தல் வேலை என்ன லட்சணத்தில் நடந்தது என்பதையும் கேளுங்கள். வீடு வீடாகப் போனோம் என்று மேலே கணக்கு அனுப்பினார்களே, அதில் பாதி வீடு பூட்டிய வீடு. வருஷத்தில் ஒரு கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ திறக்கிற வீடுகள், ஆள் எல்லாம் சென்னையில். பர்மாத் தேக்கில் இழைத்து இழைத்துச் செய்த நிலைக்கதவில் ஸ்டிக்கரை ஒட்டிப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் அது பிரச்சாரமா? அந்தப் பசையைச் சுரண்டி எடுக்க வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் பட்ட பாடு! அவருக்கு இந்த ஊரில் ஓட்டு இருக்கிறது. அவரிடம் ஒருவரும் ஓட்டுக் கேட்கவில்லை.

வாக்குப்பதிவு அன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு நடந்த மாதிரி வாக்குப்பதிவுக்கே நான் பூத்தில் இருந்தேன். மாற்று ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், மாலை வரைக்கும் வரவே இல்லை. எதிர் அணி ஏஜென்ட்டுகளோ, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து அத்தை, சித்தப்பா என்று முகத்திலேயே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். நான் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். முடிவில், பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கை எழுதிக் கொடுக்கிற 17சி படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இதே காரைக்குடியில் 1962இல் சா. கணேசன் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியில் நின்று ஜெயித்தார். அவருக்குச் சாமியும் உண்டு, தமிழும் உண்டு, மரபும் உண்டு. ஆனால் ஓட்டுக் கேட்டு வருவதற்கு இருபது வருஷத்துக்கு முன்பிருந்தே கம்பன் கழகம் வைத்து, வருஷா வருஷம் விழா நடத்தி, ஊரோடு ஊராக இருந்தவர். ஜனங்களுக்கு அவரை முதலில் தெரியும், சின்னம் அப்புறம்தான் தெரியும். எங்கள் வேட்பாளரை வேட்புமனு அன்றைக்குத்தான் நானே முதல்முறை பார்த்தேன்.

மறுபடியும் கூட்டம் போடுகிறார்களாம், உறுப்பினர் சேர்க்கையாம், எனக்கு நாலு தடவை போன் வந்துவிட்டது. வருகிறேன். முதலில் அன்றைக்கு வேனில் பேசியவரையும், மாடியில் பேசியவரையும் எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். ஆச்சி சாயங்காலம் திண்ணையில்தான் இருப்பார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரட்டும், அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள்.