15 மாடி போட்டால்தான் அடர்த்தியா?

"குறைந்த நிலத்தில் நிறையக் குடும்பங்களுக்கு வீடு வேண்டுமென்றால் 15 மாடிதான் வழி" என்று பலரும் சொல்வது தவறு. சிலியின் இகீக்கே நகரில் 2004-இல் முடிந்த கின்டா மன்ராய் என்ற மானியக் குடியிருப்பைப் பாருங்கள்: அரை ஹெக்டேரில் 93 வீடு. ஏக்கருக்கு ஏறக்குறைய 75. லிஃப்ட் கிடையாது.

தனித்தனி வீடாகப் போட்டிருந்தால் அங்கே 30 குடும்பம்தான் அடங்கியிருக்கும். அதனால் தரையில் ஒரு வீடு, அதன் தலைமேல் இன்னொன்று. மானியப் பணத்தில் பாதி வீட்டை மட்டும் கட்டி, பக்கத்து இடைவெளியைக் குடும்பங்களே நிரப்பிக்கொள்ள விட்டார்கள். மாடிப்படி, சமையலறை, குளியலறை, நடுச்சுவர் மட்டும் முழு வீட்டின் அளவுக்கே முதலில் போட்டது. கெட்டிக்காரத்தனம் அங்கேதான். கூடத்தை முதலில் கட்டிவிட்டுக் கழிவுநீர்க் குழாயைப் பிறகு நுழைக்கப் போனால் சுவரை உடைக்க வேண்டிவரும்; விரிவாக்கமே பாதியில் நிற்கும்.

உயரத்துக்கும் விலை உண்டு. தமிழ்நாட்டு விதிப்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் நாற்புறமும் குறைந்தது 7 மீட்டர் காலியாக விட வேண்டும். 30-க்கு 40 மீட்டர் மனையில் 1,200 சதுர மீட்டருக்கு 416-தான் கட்ட மிஞ்சும். லிஃப்ட், ஜெனரேட்டர், தீயணைப்பு பம்ப் பராமரிப்பு மாதாமாதம் தனி; வருமானம் குறைந்த குடும்பம் தடுமாறுவது பெரும்பாலும் அதில்தான்.