மெஷின் இருந்தாலும் கை கழுவத்தான் வேண்டும்

"வீட்டில் இரவில் தானாக டயாலிசிஸ் செய்யும் சைக்ளர் மெஷின் வாங்கிவிட்டால் வயிற்றில் தொற்றே வராது, மாஸ்க்கும் கைகழுவலும் தேவையில்லை" என்ற தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத் திரவத்தை விட்டு, கழிவோடு வெளியே எடுக்கும் டயாலிசிஸ் பற்றிய பேச்சு இது. அந்தத் தகவலில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். கையால் செய்யும் முறையில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 4 முறை திரவம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாயைத் திறக்கிறோம். மெஷினில் இரவு ஒரு முறை இணைத்து, காலையில் கழற்றினால் போதும். அப்படியானால் தொற்று குறைய வேண்டுமே? ஆனால் மெஷினால் தொற்று உறுதியாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஏனென்றால் கிருமி பெரும்பாலும் நம் கையிலிருந்தும் தோலிலிருந்தும்தான் போகிறது. அந்த இணைப்பை மெஷின் செய்வதில்லை, நாம்தான் செய்கிறோம். குழாய் வெளிவரும் இடத்தைச் சுத்தம் செய்து, மருத்துவர் சொன்ன களிம்பைத் தடவுவதும் நம் வேலைதான்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கழிவுத் திரவம் நேராகச் சாக்கடைக்குப் போகும்படி வைத்திருந்தால், தொற்றின் அறிகுறியாக அது கலங்கலாக வருவது கண்ணில் படாது. காலையில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். அந்தத் திரவம் உள்ள, உள்ளே இருப்பது தெரியும் பையின் பின்னால் வைத்த அச்செழுத்தைப் படிக்க முடிய வேண்டும். படிக்க முடியாவிட்டாலோ, வயிறு வலித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே டயாலிசிஸ் மையத்துக்குப் போங்கள்.